மெல்ல ஒருமுறை, வேகமாக ஒருமுறை

பக்கவாதத்தில் கை மடங்கிப்போன ஒருவர் வந்து உட்கார்ந்தால், ஸ்கேன் கவரைப் பிரிப்பதற்கு முன்பே அவருடைய முழங்கையைப் பிடித்துவிடுவேன். முதலில் மிக மெல்ல நீட்டுவேன். கொஞ்சம் விட்டு, அதே முழங்கையை வேகமாக நீட்டுவேன். மெல்ல நீட்டும்போது சிரமமில்லாமல் வந்த கை, வேகமாக நீட்டும்போது பாதி வழியில் வெடுக்கென்று பிடித்துக்கொண்டால் அங்கே தடுப்பது நரம்பு. எந்த வேகத்தில் நீட்டினாலும் ஒரே இடத்தில் போய் நின்றால், தடுப்பது தசையும் தசைநாணும் மூட்டுறையும். வருகிறவர்களில் பெரும்பாலோரிடம் இரண்டும் கலந்திருக்கும். எது எவ்வளவு என்று பிரித்துப் பார்ப்பதுதான் பிசியோதெரபிஸ்ட் வேலையில் பாதி. மீதிப் பாதி, 'நல்லா இழுத்து விடுங்க' என்று சொல்லும் வீட்டாரைச் சமாளிப்பது.

என் கிளினிக் இருப்பது வேலூர் சத்துவாச்சாரியில், ஹவுசிங் போர்டு பக்கம். சென்னை - பெங்களூரு நெடுஞ்சாலை தாண்டினால் ஆட்சியர் அலுவலகம். திங்கட்கிழமை மனு கொடுக்க வந்தவர்கள், ஊனச் சான்றிதழுக்கு அலைபவர்கள், 'வந்தது வந்தோம், காட்டிட்டுப் போயிடலாம்' என்று படியேறுவார்கள். மற்ற நாட்களில் மேல்விஷாரம், ராணிப்பேட்டை டேனரி ஆட்கள். ஆம்பூர், பேரணாம்பட்டு பக்கத்து ஷூ கம்பெனிப் பெண்கள். தோலை வைத்துப் பிழைக்கிற ஜனங்கள் இவர்கள். எது இளகும், எது இளகாது என்பது இவர்கள் விரல்களுக்குத் தெரியும். பாடப்புத்தகத்தில் நான் படித்துக் குழம்பிய ஒரு விஷயத்தை ஒரே வரியில் சொன்னவர் அப்படிப்பட்ட ஒரு பெரியவர்தான்.

மேல்விஷாரத்துக்காரர். முப்பது வருஷம் ஸ்டேக்கிங் மெஷினில் நின்றவர். காய்ந்து விறைத்த தோலை லேசாக ஈரம் காட்டி உள்ளே விட்டால், பின்கள் தட்டித் தட்டி இழைகளைப் பிரித்து மிருதுவாக்கித் தரும் மெஷின் அது. வலது பக்கம் வாதம் வந்து மூன்று மாதம் கழித்து அவரைக் கூட்டி வந்தார்கள். மகன் தினமும் காலையும் மாலையும் அப்பா கையை மூச்சைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தான்.

"நல்லா இஸ்து உடுங்க சார். வலிச்சா பரவால்ல, வாப்பா தாங்குவாரு."

"இஸ்தா என்ன ஆவுது பாய்?" என்று நான் அப்பாவைக் கேட்டேன்.

அவருக்குப் பேச்சு கொஞ்சம் குழறும். நிதானமாகச் சொன்னார்: "தோலை இஸ்தா தோல் வரும் சார். இது என்கிட்ட திருப்பி இஸ்குது."

திருப்பி இழுப்பதுதான் விஷயம். தசைக்குள்ளே நூல் மாதிரி மெல்லிய உணரிகள் இருக்கின்றன. தசை நீளும்போது, எவ்வளவு நீளம், எவ்வளவு வேகம் என்று தண்டுவடத்துக்குச் சேதி அனுப்புவது அவற்றின் வேலை. தண்டுவடம் உடனே 'சுருங்கு' என்று அதே தசைக்கு ஆணையிடும். உடலியலாளர்கள் லிடெலும் ஷெரிங்டனும் 1924-ல் பூனையின் தொடைத் தசையை நீட்டி இதை அளந்து காட்டினார்கள். நம் எல்லோரிடமும் இந்த அனிச்சைச் செயல் உண்டு. மூளையிலிருந்து இறங்கும் கட்டளைகள் அதை அடக்கி வைத்திருக்கின்றன. பக்கவாதத்தில் அந்தக் கடிவாளம் அறுந்துபோகிறது. ஆஸ்திரேலிய நரம்பியல் மருத்துவர் ஜேம்ஸ் லான்ஸ் 1980-ல் இந்த இறுக்கத்துக்கு, அதாவது ஸ்பாஸ்டிசிட்டிக்கு, எழுதிய வரையறையின் மையமும் இதுதான்: நீட்டும் வேகம் கூடக்கூட எதிர்ப்பும் கூடும். மகன் வேகமாக இழுத்த ஒவ்வொரு முறையும், அப்பாவின் தண்டுவடத்துக்கு 'பதிலுக்கு இழு' என்று உத்தரவு கொடுத்துக்கொண்டிருந்தான். அவன் பலத்துக்கு அவர் தசை ஈடுகொடுத்தது.

அப்படியானால் வாதம் வராத நம் தசைகளின் இறுக்கம்? மாணவனாக இருந்தபோது, ஓய்வில் இருக்கும் தசைக்கும் நரம்பிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக மின்துடிப்பு போய்க்கொண்டே இருக்கும், அதனால்தான் தசை தொளதொளவென்று இருப்பதில்லை என்று எங்களுக்குச் சொல்லித் தந்தார்கள். தசையின் மின்துடிப்பைக் காட்டும் ஈ.எம்.ஜி. ஊசியைச் செருகிப் பார்த்தால் வேறு கதை. முழுமையாகத் தளர்ந்து படுத்திருக்கும் ஆரோக்கியமான மனிதரின் கைகால் தசையில் திரை ஒரே நேர்கோடாக ஓடும். ஒரு சத்தமும் கேட்காது. ஆக, அந்த நிலையில் நாம் உணரும் இறுக்கம் பொருளின் இறுக்கம். தசைநாரின் உள்ளே டைட்டின் என்கிற ராட்சதப் புரதம், வெளியே போர்த்தியிருக்கும் கொலாஜன் உறைகள், கடைசியில் தசைநாண். இவற்றுக்கு நரம்பின் ஆணை தேவையில்லை.

இதிலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. அசையாமல் வைத்திருந்த தசையை முதல்முறை அசைத்தால் கெட்டியாக இருக்கும். நாலைந்து முறை ஆட்டினால் இளகிவிடும். மறுபடி சும்மா விட்டால் கெட்டியாகும். ஓய்விலும் தசையின் இழைகளுக்கிடையே சில பிணைப்புகள் ஒட்டிக்கொண்டிருப்பதுதான் இதற்குக் காரணம் என்று டி. கே. ஹில் 1968-ல் தவளைத் தசையில் பார்த்து எழுதினார். நரம்புக்கு இதில் வேலையே இல்லை என்று சொல்லவும் முடியாது. கடைசியாக நரம்பு அந்தத் தசையை எந்த நீளத்தில் வைத்துச் சுருக்கியது, பிறகு எவ்வளவு நேரம் விட்டது என்பதைப் பொறுத்து அடுத்த இழுப்பின் கெட்டித்தனம் மாறும். ஆம்பூர் போய் வரும் கம்பெனி பஸ்ஸில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து இறங்குகிற பெண், "முதல் பத்து அடி முழங்காலே வரல சார்" என்பதில் இதுவும் ஒரு பங்கு. எல்லாவற்றையும் 'தேய்மானம்' என்று எழுதி எக்ஸ்ரேவுக்கு அனுப்பும் பழக்கம் எனக்குப் பிடிப்பதில்லை.

பாய் விஷயத்துக்கு வருகிறேன். மெல்ல நீட்டியபோது அவர் முழங்கை முழுசாக வரவில்லை. கடைசியில் கொஞ்சம் மிச்சம் நின்றது. வேகமாக நீட்டியபோது அதற்கு வெகு முன்னாலேயே பிடித்தது. இந்த இரண்டு இடங்களுக்கும் இடையிலுள்ள இடைவெளிதான் நரம்பின் கணக்கு. மெல்ல நீட்டியும் வராத மிச்சம் தசையின் கணக்கு. பிரெஞ்சு மருத்துவர் கீ தார்தியூ பெயரில் வழங்கும் இந்த அளவை இன்று பல மறுவாழ்வு மையங்களில் செய்கிறார்கள். மருத்துவரிடம் அனுப்பும் குறிப்பில் இந்த இரண்டு கோணங்களையும் எழுதிவிடுவேன். இடைவெளி பெரிதாக இருந்தால் போட்டாக்ஸ் ஊசியோ ஃபீனால் ஊசியோ பயன்படும். மிச்சம் பெரிதாக இருந்தால், எவ்வளவு விலை உயர்ந்த ஊசி போட்டாலும் கை நீளாது. நகையை அடகு வைத்து ஊசி போட்டுக்கொண்டு, 'ஒண்ணும் பிரயோஜனம் இல்ல சார்' என்று வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். ஊசி அதன் வேலையைச் சரியாகத்தான் செய்திருக்கும், தடுத்தது நரம்பாக இருந்திருக்காது.

அந்த மிச்சம் எங்கிருந்து வருகிறது? 1972-ல் தபாரி, தார்தியூ, கோல்ட்ஸ்பிங்க் குழுவினர் பூனையின் கெண்டைக்கால் தசையைச் சுருங்கிய நிலையில் மாவுக்கட்டுப் போட்டு வைத்தார்கள். சில வாரங்களில் தசைநாரின் வரிசையிலுள்ள சார்க்கோமியர் என்னும் சுருங்கும் கண்ணிகளில் 40 சதவீதம் காணாமல் போயின. கட்டை அவிழ்த்துவிட்டதும் 4 வாரத்தில் திரும்பி வந்தன. தசை ஒரு பாவப்பட்ட ஜீவன். எந்த நீளத்தில் குடிவைத்தாலும் அதற்குத் தக்கபடி தன்னை வெட்டிக்கொள்ளும், ஒட்டிக்கொள்ளும். இதைவிட முக்கியமானது அதே குழு இரண்டு வருஷம் கழித்துச் செய்தது. இந்த முறை நரம்பையே வெட்டிவிட்டுத் தசையைச் சுருங்கிய நிலையில் கட்டினார்கள். அப்போதும் கண்ணிகள் குறைந்தன. நரம்பின் நேரடி உத்தரவில் நடக்கிற காரியம் அல்ல அது. தசை தன் நீளத்தைப் பார்த்துத் தானே முடிவு செய்கிறது. நரம்பு செய்வது, கையை ஓர் இடத்தில் மடக்கி வைத்துவிட்டுப் போவது. மிச்சத்தைத் தசையும் கொலாஜனும் பார்த்துக்கொள்கின்றன.

இதற்கான சாட்சி பூனையில் மட்டுமில்லை. வேலூரிலேயே எழுபது வருஷத்துக்கு முன்பு கண்கூடாக நின்றது. தொழுநோயில் அல்நார் நரம்பு செத்துப்போனால் உள்ளங்கையின் சிறு தசைகள் செயலிழக்கும். விரல்கள் கொக்கி மாதிரி வளையும். அங்கே ஸ்பாஸ்டிசிட்டி இல்லை, தசைக்கு நரம்பிலிருந்து ஒரு துடிப்புகூட வருவதில்லை. ஆனாலும் சில வருஷங்களில் விரல் மூட்டுகள் நீட்டவே முடியாதபடி இறுகிவிடும். நரம்பு அளவுக்கு மீறி வேலை செய்தாலும் கை இறுகுகிறது. வேலையே செய்யாவிட்டாலும் இறுகுகிறது.

1946-ல் வேலூர் சி.எம்.சி. மருத்துவமனைக்கு வந்த அறுவை மருத்துவர் பால் பிராண்ட், கொல்லிமலையில் பிறந்தவர். அவர் இந்தக் கைகளில் தசைநாண் மாற்று அறுவை சிகிச்சையை 1948 வாக்கில் தொடங்கியதும், 1955-ல் கரிகிரி தொழுநோய் ஆராய்ச்சி மையம் வந்ததும் ஊரறிந்த வரலாறு. அறுவை சிகிச்சையைத்தான் எல்லோரும் பேசுவார்கள். எனக்குப் பெரிதாகப் படுவது அதற்கு முந்தைய வாரங்கள். இறுகிய விரலுக்கு அவர் உருளைபோல மாவுக்கட்டுப் போடுவார். வலுவாக இழுத்து அல்ல. விரல் எந்த அளவுக்குத் தானாக வருகிறதோ, அந்த எல்லையில் வைத்து. சில நாளில் அவிழ்த்து, அதற்குள் கிடைத்த சிறு நெகிழ்வை வைத்து மறுகட்டு. இழுத்துக் கிழித்தால் திசு வீங்கும், தழும்பாகும், முன்னைவிட இறுகும். மெல்லிய இழுவிசையில் இரவும் பகலும் வைத்தால் திசு வளர்ந்து நீளும் என்பது அவர் கண்ட உண்மை. லண்டனில் சின்ன வயதிலேயே வலுவாக முறுக்கித் திருத்தப்பட்ட வளைபாதங்கள் விறைத்துக் கிடந்ததையும், வேலூருக்குச் சிகிச்சையே காணாமல் வந்த வளைபாதங்கள் மெல்ல மெல்லக் கட்டுப்போட்டதில் நெகிழ்ந்து வந்ததையும் ஒப்பிட்டுப் பார்த்துக் கற்றது இது. நரம்பு செத்த அந்தக் கையில் தொழுநோயாளிக்கு வலி தெரியாது, எவ்வளவு இழுத்தாலும் 'ஐயோ' என்று கத்த மாட்டார் என்பதையும் சேர்த்து யோசித்தால், அந்த நிதானத்தின் அருமை புரியும்.

பின்னால் அமெரிக்காவின் கார்வில்லில் வேலை செய்தபோது, ஒரு மூட்டை இவ்வளவு விசை கொடுத்தால் இவ்வளவு கோணம் வருகிறது என்று படிப்படியாக அளந்து வரைபடமாகப் போடும் பழக்கத்தை அவர் வலியுறுத்தினார். வெறும் கோணத்தை எழுதுவதில் அர்த்தமில்லை. பலமாக இழுக்கிற ஆளுக்கு எப்போதும் நல்ல எண்ணிக்கைதான் வரும். இன்றும் 'போன வாரம் 70, இந்த வாரம் 85' என்று கேஸ் ஷீட்டில் எழுதுகிறோம். இழுத்தது யார், எவ்வளவு விசையில் என்று எழுதுவதில்லை.

வேலூர் பாகாயத்தில் உள்ள மறுவாழ்வு நிலையத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். 1954-ல் நடந்த விபத்தில் இடுப்புக்குக் கீழே உணர்விழந்த டாக்டர் மேரி வர்கீஸ், சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடி தொழுநோயாளிகளின் கைகளில் அறுவை செய்தவர். நியூயார்க்கில் மறுவாழ்வு மருத்துவம் படித்துத் திரும்பி, 1966-ல் அந்த நிலையம் உருவாகக் காரணமானார். தண்டுவடம் அடிபட்ட கால்கள் ஏன் திடீரென்று விறைக்கின்றன என்பது அவருக்குப் படிப்பில் மட்டும் தெரிந்த விஷயமாக இருந்திருக்க முடியாது.

இனி தசைநாண். அதற்கும் தோலுக்கும் ஒரே சரக்குதான்: கொலாஜன். அதன் அமைப்பைக் கண்டு சொன்னதும் நம் ஊர்க்காரர்களே. சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி. என். ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும், கங்காரு வாலின் தசைநாணை எக்ஸ்ரேயில் பார்த்து, மூன்று இழைகள் பின்னிய அமைப்பு அது என்று 1954-ல் நேச்சர் இதழில் எழுதினார்கள். அடையாறு தோல் ஆராய்ச்சி நிலையத்தில் உள்ள அரங்கத்துக்கு ட்ரிப்பிள் ஹெலிக்ஸ் என்றே பெயர்.

தசைநாணை நரம்பு சுருக்க முடியாது. ஆனால் அதன் விறைப்பை நாம் எவ்வளவு உணர்கிறோம் என்பதில் நரம்புக்குப் பங்கு உண்டு. ஓய்வில் தசைநாணின் இழைகள் நெளிநெளியாகக் கிடக்கும். முதல் சில மில்லிமீட்டர் இழுப்பு அந்த நெளிவை எடுப்பதிலேயே போய்விடும், எதிர்ப்பு தெரியாது. நெளிவு தீர்ந்தபின் இழை கம்பி போல நிற்கும். நரம்பு தசையைச் சுருக்கும்போது அந்த நெளிவு முன்கூட்டியே தீர்ந்துவிடுகிறது. அப்போது வெளியிலிருந்து இழுப்பவருக்கு நேராகக் கெட்டிப் பகுதிதான் கையில் சிக்கும். பயந்து இறுக்கிக்கொண்டிருக்கும் நோயாளியின் கணுக்காலும், அதே ஆள் தூங்கும்போது அதே கணுக்காலும் வேறு வேறு பொருளாகத் தோன்றுவது இதனால்தான்.

சர்க்கரை நோயாளிகளிடம் கதை இன்னும் மோசம். ரத்தத்தில் மிதமிஞ்சிய சர்க்கரை பல வருஷமாக கொலாஜன் இழைகளோடு ஒட்டி, இழைக்கும் இழைக்கும் குறுக்குப் பிணைப்பு போட்டுவிடுகிறது. இதை பாயிடம் விளக்கியபோது, "அப்போ உள்ளாறயே டேனிங் ஆவுதுன்னு சொல்லு" என்றார். கிட்டத்தட்ட அதேதான். பச்சைத்தோல் 65 டிகிரி வாக்கில் சுருங்கிவிடும். குரோம் ஏற்றிய தோல் கொதிநீரிலும் சுருங்காது. டேனரியில் பாயில் டெஸ்ட் போட்டுப் பார்ப்பதே அதற்காக. பிணைப்பு விழுந்துவிட்டால் பொருளின் குணமே மாறிவிடுகிறது. நாற்பது தாண்டிய சர்க்கரைக்காரர் யார் வந்தாலும் இரண்டு உள்ளங்கைகளையும் சேர்த்துக் கும்பிடுவது போல வைக்கச் சொல்வேன். விரல்களுக்கிடையே சந்து தெரிந்தால், தோளையும் கணுக்காலையும் சேர்த்துப் பார்த்துவிடுவேன்.

அப்படித்தான் ஷூ அப்பர் தைக்கும் ஓர் அம்மா தோள் இறுகி வந்தார். சர்க்கரை உண்டு. ஜாக்கெட் கொக்கி போட முடியவில்லை, மெஷினில் தோலைத் திருப்ப முடியவில்லை. உறைந்த தோள் என்றால் மூட்டுறை சுருங்கியது என்றுதான் நாங்கள் சொல்வோம். 2018-ல் சிட்னி ஆராய்ச்சியாளர்கள் வெளியிட்ட ஒரு சின்ன ஆய்வு என்னை உலுக்கியது. உறைந்த தோளுக்கு அறுவை செய்யப் போகும் 5 பேருக்கு மயக்க மருந்து கொடுத்தபின், கத்தி வைப்பதற்கு முன்பே தோளை உயர்த்திப் பார்த்தார்கள். விழித்திருந்தபோது வராத தூரம், மயக்கத்தில் கணிசமாக வந்தது. மூட்டுறை சுருங்கியிருந்தால் மயக்க மருந்துக்கு அது எப்படி அசையும்? தடுத்ததில் பெரும்பங்கு, வலிக்குப் பயந்து நரம்பு போட்ட பூட்டு. 5 பேரை வைத்து எல்லோருக்கும் தீர்ப்பு எழுத முடியாது. ஆனாலும் அதற்குப் பிறகு நான் தோளைத் திருகுவதை நிறுத்திவிட்டேன். அந்த அம்மாவை மல்லாக்கப் படுக்கவைத்து, வலி தொடங்கும் இடத்துக்கு முன்பே நிறுத்தி, அந்த எல்லைக்குள் அவரையே கையை இயக்க வைத்தேன். "இவ்ளோ தானா சார்? இஸ்து உட மாட்டீங்களா?" என்று ஏமாற்றத்தோடு கேட்டார். முழுசாகச் சரியாக மாதங்கள் ஆயின. திருகியிருந்தாலும் ஆகியிருக்கும், அழுகைதான் மிச்சமாகியிருக்கும்.

எங்கள் தொழிலுக்குச் சங்கடமான செய்தி ஒன்றும் இருக்கிறது. மூட்டு இறுக்கத்துக்கு இழுத்து நீட்டும் சிகிச்சையைப் பற்றி உலகம் முழுக்க நடந்த சோதனைகளை காக்ரேன் குழுவினர் 2017-ல் தொகுத்துப் பார்த்தார்கள். நரம்பு நோயாளிகளில் கிடைத்த பலன் சராசரியாக 2 பாகை அளவுதான். ஆரோக்கியமானவர்கள் தினமும் நீட்டிப் பழகிக் கூடுதலாக வளைவதும், தசை நீண்டதால் என்பதைவிட, அந்த இழுப்பை நரம்பு பொறுத்துக்கொள்ளப் பழகியதால் என்று வெப்லரும் மேக்னுஸனும் 2010-ல் எழுதினார்கள். இதைப் படித்த இளம் பிசியோக்கள் சிலர் நீட்டுவதையே விட்டுவிட்டார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. நாளுக்குப் பத்து நிமிஷம் இழுப்பதும், பிராண்ட் செய்ததுபோல நாள் முழுக்க மாவுக்கட்டில் வைப்பதும் ஒன்றல்ல. ஆனால் வேலை பார்க்கிற நேரத்தில் பெரும்பகுதியை இழுப்பதில் செலவழித்த காலம் முடிந்தது. இப்போது பாய் மாதிரி ஆட்களுக்கு இரவில் ஸ்ப்ளின்ட், பகலில் உட்காரும்போது கையைத் திறந்து வைக்கும் நிலை, மீதி நேரம் முழுக்கத் தம்ளரைப் பிடிப்பது, கதவைத் தள்ளுவது என்று அவராகவே செய்யும் வேலை.

பாய் கை முழுசாக வரவில்லை. டீ தம்ளரை வலது கையால் பிடிக்கிறார். சட்டைக்குள் கை விடுகிறார். மகன் இழுப்பதை நிறுத்தி வெகுநாள் ஆகிறது.

வீட்டில் வாதம் வந்தவரோ, தண்டுவடம் அடிபட்டவரோ இருந்தால் அவர்களைப் பார்த்துக்கொள்கிறவர்களுக்கு ஒன்று. கையையோ காலையோ அசைக்கும்போது மெல்ல அசையுங்கள். பிடித்துக்கொண்டால் அங்கேயே நிறுத்தி, அது விடும்வரை காத்திருங்கள். நன்றாக இருந்த கால் ஒரு நாள் காரணமில்லாமல் விறைக்க ஆரம்பித்தால் இழுத்து விடாதீர்கள், எண்ணெய் தடவாதீர்கள். உணர்வில்லாத உடம்பில் எங்கோ ஒரு தொல்லை இருப்பதைத் தண்டுவடம் அப்படித்தான் சொல்லும். சிறுநீர்க் குழாய் அடைத்திருக்கிறதா, சிறுநீரில் கிருமி இருக்கிறதா, மலம் கட்டியிருக்கிறதா, முதுகிலோ குதிகாலிலோ புண் இருக்கிறதா, கால் நகம் சதைக்குள் வளர்ந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். ஒன்றும் தெரியாவிட்டால் அன்றைக்கே மருத்துவரிடம் காட்டுங்கள். எங்களிடம் பிறகு வரலாம்.